தாள் அறையில் பதினாலு பிள்ளைகள்

ஆயாவுக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் அவளுடைய நெஞ்சு. அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் பதினோரு வருடம் சூடான கோந்துக்குப் பக்கத்தில் நின்று புத்தகம் ஒட்டியவள் அவள். கோந்துப் புகை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், ஒரு நாள் மூச்சு வாங்கிப் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் 'இவருக்கு லேசான வேலை கொடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தார். அச்சகம் கொடுத்த லேசான வேலை, அங்கே வேலை செய்யும் பெண்களின் பதினாலு குழந்தைகளைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பார்த்துக்கொள்வது. அதை லேசான வேலை என்று முடிவு செய்தவர் ஒற்றைக் குழந்தையோடுகூட ஒரு மணி நேரம் தனியாக இருந்திருக்க மாட்டார்.

இரண்டாம் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் நீளமான அறைதான் பிள்ளைகள் அறை. மெஷின் வைக்க லாயக்கில்லை, தாள் வைக்க லாயக்கில்லை, ஆட்களை உட்காரவைத்தால் சண்டைக்கு வருவார்கள். அதனால் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள். இரண்டு ஜன்னல், இரண்டு மின்விசிறி, நான்கு தொட்டில், முழங்கால் உயரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவர் முழுக்கத் தப்பாக அச்சான தாள்களை ஆயா ஒட்டிவைத்திருந்தாள். நிறம் விலகிப்போனதில் ஒரு பூனைக்கு நான்கு கண்; ஒரு உலகப் படத்தில் கடலெல்லாம் சிவப்பு. பிள்ளைகளுக்கு அந்தப் பூனை என்றால் உயிர்.

அதே மாதிரித் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில்தான் ஆயா கோடு போடுவாள். தினம் ஒரு தாள். மேலே பதினாலு பெயர். எந்தப் பிள்ளை ஒன்றுக்குப் போனாலும் அதன் பெயருக்குக் கீழே ஒரு கோடு.

"அக்கா, நம்ம கம்பெனியிலயே உங்க கணக்குதான் சுத்தமான கணக்கு" என்று பைண்டிங் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"சிரிங்க, சிரிங்க. பெத்தது நீங்க, அலசிப் போடுறது நான்" என்பாள்.

அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஓர் அவமானம் இருந்தது. இந்த வேலைக்கு வந்த முதல் கோடையில் ஒரு வயதுப் பையன் ஒருவன் காலையிலிருந்து துணியை நனைக்கவே இல்லை. துவைக்கிற வேலை மிச்சம் என்று ஆயா சந்தோஷப்பட்டாள். சாயங்காலம் அவன் கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா எப்ப ஒன்னுக்குப் போனான்?" ஆயாவுக்குத் தெரியவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும். மறுநாள் காலை கோடு போட ஆரம்பித்தாள். ஆறு வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை.

இந்த வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது. அது போதாதென்று, அச்சகத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குப்பைமேடு தீப்பிடித்துக்கொண்டது. வண்டி வரும், தண்ணீர் அடிக்கும், போகும். மேலே அணையும், அடியில் கனன்றுகொண்டே கிடக்கும். பிளாஸ்டிக் கருகும் அந்தப் புகை மற்றவர்கள் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே ஆயாவின் நெஞ்சுக்கு எட்டிவிடும். உள்ளே ஒரு விசில் ஊத ஆரம்பிக்கும். விசில் கேட்டதும் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள்.

சாத்தினால் தகரம் தன் வேலையைக் காட்டும். திறந்தால் புகை, மூடினால் அனல். எதைச் செய்தாலும் பிள்ளைகளுக்குத்தான் கேடு என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல முடியாது; நல்லவர் என்று சொல்ல அவரும் இடம் கொடுத்ததில்லை. "பார்க்கலாம்மா" என்றார். நாலு நாள் கழித்து மறுபடி போனாள். மறுபடி பார்க்கலாம். அதற்கு மேல் சத்தம் போட அவளுக்குப் பயம். எதிர்த்தெருவில் இருந்த கம்பெனியில் போன கோடையில் தாய்மார்கள் சத்தம் போட்டார்கள். உடனே 'பிள்ளைகளின் நலன் கருதி' பிள்ளைகள் அறையையே இழுத்து மூடிவிட்டார்கள். மூன்று பேர் வேலையை விட்டார்கள். இரண்டு பேர் குழந்தையை வீட்டில் விட்டு, ஃபேனைப் போட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி ஆயாவின் தெருக்காரி. பூட்டின கதவுக்குப் பின்னால் அந்தக் குழந்தை அழுததை ஆயா தன் காதால் கேட்டிருக்கிறாள்.

ஆகவே பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, அறைக்கும் பூட்டு விழக் கூடாது. இரண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கச்சை கட்டிக்கொண்டாள்.

வீட்டிலிருந்து நான்கு பழைய படுக்கைவிரிப்புகளைக் கொண்டுவந்தாள். தண்ணீரில் முக்கிப் பிழிந்து, சாத்திய ஜன்னல்களுக்கு உள்பக்கமாகவும் அறைக்குக் குறுக்காகவும் கட்டினாள். முதல் அரை மணி நேரம் அறை ஜில்லென்று இருந்தது. சாப்பாட்டு வேளையில் வந்து பார்த்த தாய்மார்கள், "ஏசி ரூம் மாதிரி இருக்குக்கா" என்றார்கள். ஆயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. துணி காயக் காய இன்னும் தண்ணீர் தெளித்தாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு விரிப்புகளைக் கட்டினாள்.

மூன்றாம் நாள் கோடுகள் குறைந்தன. எப்போதும் மதியத்துக்குள் நாலு ஐந்து வாங்கும் பிள்ளைகளுக்குக்கூட இரண்டுதான். பட்டாணிக்கு ஒன்றுமே இல்லை.

பட்டாணி என்பது பைண்டிங் பெண் ஒருத்தியின் பதினெட்டு மாதப் பெண்குழந்தை. பெயருக்கேற்ற பொடிசு, ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும். அன்றைக்கு உருளவில்லை. காலை எட்டரைக்கு வந்ததிலிருந்து ஒரு மணி வரைக்கும் துணி காய்ந்தே இருந்தது. உடம்பு மட்டும் வியர்வையில் சொதசொதவென்று இருந்தது. தொட்டால் கொதித்தது. உதட்டில் தண்ணீர் வைத்தால் வழிந்தது.

ஆயாவுக்கு அந்த டாக்டரின் குரல் காதில் கேட்டது. உதவிக்கு வரும் பெண்ணிடம் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒரு கையில் பட்டாணியையும் ஒரு கையில் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்தக் கட்டடத்தில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். தரைத்தளத்தில் இருக்கும் தாள் அறை. இரட்டைக் கதவு, இரண்டு ஏசி, தூசி வடிகட்டுகிற மெஷின். அச்சடிப்பதற்கு முன்னால் தாளை அதற்குள் ஒரு நாள் முழுக்க ஓய்வாக வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஓரம் நெளிந்து, நிறம் விலகி, பூனைக்கு நாலு கண் முளைத்துவிடும்.

தாள் அறைக்குப் பொறுப்பு ஸ்டோர்காரர். ஐம்பது வயது, ஒற்றை ஆள், தாளைத் தவிர வேறெதையும் நேசித்ததாகத் தகவல் இல்லை. கதவைத் திறந்தவர் கிண்ணத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"தண்ணி உள்ள வரக் கூடாதும்மா."

"பிள்ளைக்கு முடியலண்ணே. நகருங்க."

"அதுக்கில்லம்மா, இங்க ஒரு சொட்டு சிந்தினாலும்..."

அவர் முடிப்பதற்குள் ஆயா அவரைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே போயிருந்தாள். இரண்டு தாள் அடுக்குகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, பட்டாணியின் சட்டையைக் கழற்றி, நெற்றியையும் கழுத்தையும் ஈரத்துணியால் ஒற்றி, கரண்டி கரண்டியாகத் தண்ணீரை உதட்டில் விட்டாள். முதல் கரண்டி வழிந்தது. மூன்றாவது உள்ளே போனது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லுங்கள் என்று அவள் கத்தியதும் ஸ்டோர்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பட்டாணியின் அம்மா கோந்துக் கையோடு ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டாள். பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஆயாவின் முகத்தையே பார்த்தாள்.

இருபது நிமிடம் கழித்து வண்டி வந்தது. அதற்குள் பட்டாணி கண்ணைத் திறந்து, கரண்டியைத் தானே பிடுங்கப் பார்த்தது. எழுந்த ஆயா, பிள்ளையை இடுப்பில் மாற்றி வைக்கத் தூக்கிய நேரத்தில் அது நடந்தது. பட்டாணி தாராளமாக, நிதானமாக, பக்கத்து அடுக்கின் மேல் ஒன்றுக்குப் போனது. மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் அட்டைக்கென்று பிரித்து வைத்திருந்த பளபளப்புத் தாள்.

ஸ்டோர்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். ஆயாவோ அழுதுகொண்டே சிரித்தாள். "போயிட்டா. போயிட்டாடி உன் பொண்ணு" என்று தாயின் தோளை உலுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னதாகத் தாய் வந்து சொன்னாள். ஆயா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். நல்ல நேரத்தில் பார்த்தது சரி. ஆனால் கெட்டது எதனால் என்று அவளுக்குப் புரியவில்லை. இத்தனை ஈரத்துணி கட்டியும் ஏன்?

பதில், காற்றின் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தது. பாழான தாளுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்ததால் 'சம்பவத்தின் மூலகாரணத்தை'ப் பார்க்க வந்திருந்தார் ஸ்டோர்காரர். வாசலில் நின்றதுமே அவர் மூக்குக்கண்ணாடி மூடுபனி போட்டுக்கொண்டது. மீட்டரைப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எண்பத்தெட்டு. ஏம்மா, என்ன பண்ணி வெச்சிருக்க இங்க?"

"ஈரத்துணி கட்டியிருக்கேன். குளிர்ச்சிக்கு."

"ஜன்னலையும் சாத்திட்டு?"

"புகை வருதேண்ணே."

"காத்து வெளிய போக வழியில்லாம உள்ள ஈரத்தைக் கட்டினா அது எங்க போகும்? வேர்வை எப்படிக் காயும்? வேர்வை காயலேன்னா உடம்பு எப்படி ஆறும்?" மீட்டரைத் தட்டினார். "கழிவுத் தாளைக்கூட நான் இங்க வைக்க மாட்டேன். பத்து நிமிஷத்துல அலை அலையா நெளிஞ்சிடும்."

ஆயா போய் ஒவ்வொரு விரிப்பாக அவிழ்த்தாள். நல்லது என்று நினைத்துத் தன் கையாலேயே பிள்ளைகளை மூடி போட்ட பாத்திரத்தில் வைத்து அவித்திருக்கிறாள். கடைசி விரிப்பையும் மடித்து வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"உங்க ரூம்ல எவ்ளோ காட்டும்?"

"ஐம்பத்தஞ்சு. எப்பவும் ஐம்பத்தஞ்சு. நோட்டுல மூணு வேளையும் எழுதுறேன்."

"அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க. நாளைக்குத் திருப்பித் தர்றேன்."

மேனேஜர் கூப்பிட்டனுப்புவதற்கு முன்பே அவள் அவர் அறையில் போய் நின்றாள். மேஜையில் ஒரு பக்கம் தாள் அறையின் நோட்டு, இன்னொரு பக்கம் தன் கோட்டுத் தாள்கள் மூன்று.

"என்னம்மா இது?"

"இது உங்க தாளு எப்படி இருக்குன்னு எழுதுன நோட்டு சார். இது நம்ம பிள்ளைங்க எப்படி இருக்குன்னு எழுதுனது. தாளுக்கு ஒரு நாளும் குறையல. பிள்ளைங்களுக்கு மூணே நாள்ல பாதியாயிடுச்சு."

கோடுகளின் மேல் விரலை ஓட்டிய மேனேஜர், அது ஒன்றுக்குப் போன கணக்கு என்று புரிந்ததும் விரலை எடுத்துக்கொண்டார். "இதெல்லாம் வேண்டாம்மா. பேசாம வெயில் காலம் முடியற வரைக்கும் பிள்ளைங்க ரூமை மூடிடலாம்னு இருக்கேன். யாருக்கும் ரிஸ்க் இல்ல."

இதற்குத்தான் அவள் பயந்திருந்தாள். ஆனால் வந்த பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மூடுங்க சார். பள்ளிக்கூடம் திறக்க அஞ்சு வாரம் இருக்கு. பாடப்புத்தகம் அத்தனையும் பைண்டிங்ல அடுக்கிக் கிடக்கு. பதினாலு பேர் நாளைக்குப் பிள்ளையோட வீட்டுல இருந்துப்பாங்க. நீங்களும் நானும் உட்கார்ந்து ஒட்டலாம். எனக்குக் கோந்து ஆகாது, நான் மடிச்சுத் தர்றேன்."

மேனேஜருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "சரி, நீ என்னதான் சொல்ற?"

"காலையில மேலயே இருக்கோம். பதினொண்ணுல இருந்து நாலு மணி வரைக்கும் தாள் ரூம்ல, ஒரு மூலையில. சாப்பாடு, தண்ணி, ஒன்னுக்கு எல்லாம் வெளியதான். ஒரு சொட்டு உள்ள விழாது."

கூப்பிட்டு நிறுத்தப்பட்ட ஸ்டோர்காரர் மறுப்பார் என்றுதான் மேனேஜர் எதிர்பார்த்தார். அவரோ, "அறுபதைத் தாண்டக் கூடாது சார், தாண்டினா அந்த நிமிஷமே பிள்ளைங்க வெளிய போயிடணும்" என்றார். அது மறுப்பு மாதிரியும் இருந்தது, சம்மதம் மாதிரியும் இருந்தது. ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் மேனேஜர். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும், மீட்டர் அறுபதைத் தாண்டினாலும் அத்தோடு பிள்ளைகள் அறைக்குப் பூட்டு.

அந்த வாரம் ஆயா பட்ட பாடு சொல்லி மாளாது. அரை மணிக்கு ஒரு தரம் இரண்டிரண்டு பிள்ளைகளாக வெளியே நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் குடிக்கவைத்து, ஒன்றுக்குப் போகவைத்து, துடைத்து உள்ளே அனுப்ப வேண்டும். ஏழு நடை முடியும்போது முதல் ஜோடிக்கு மறுபடி நேரமாகிவிடும். போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளைகளிடம் குழாயைத் திறந்துவிட்டு 'ஸ்ஸ்' என்று ஊதி ஊதி, உள்ள மூச்சும் போனது. "விசில் ஆயா" என்று அச்சு மெஷின்காரர்கள் பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். நாலு நாள் ஒரு சொட்டு விழவில்லை. கோடுகள் பழையபடி ஏறின.

ஐந்தாம் நாள் காற்றுத் திரும்பியது. குப்பைமேட்டுப் புகை மொத்தமாக அச்சகத்தின் மேல் கவிழ்ந்தது. எதிர்க்கட்டடம் தெரியவில்லை. மாடி அறைக்குக் காலையிலேயே போக முடியாமல், எட்டரை மணிக்கே பிள்ளைகளைத் தாள் அறைக்குள் கொண்டுவந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு இரண்டு ஏசிகளில் ஒன்று நின்றுபோனது. மீட்டர் ஐம்பத்தேழு ஆனது. ஐம்பத்தொன்பது ஆனது. ஆயா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்; ஸ்டோர்காரர் ஆயாவைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

அறுபத்தொன்று.

ஸ்டோர்காரர் எழுந்தார். பிளாஸ்டிக் உறைச் சுருளை எடுத்து, பிரித்து வைத்திருந்த தாள் அடுக்குகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கைவண்டியை அடியில் விட்டு, முதல் அடுக்கைத் தூக்கி, கதவைத் திறந்து நடைவழிக்குத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"அறுபதைத் தாண்டினா தாளும் பிள்ளையும் ஒண்ணா இருக்கக் கூடாது. அவ்ளோதான் பேச்சு." மூச்சிரைத்தது அவருக்கு. "சுத்தி வெச்சா தாள் ஒரு நாள் தாங்கும். கொஞ்சம் பிடிம்மா."

ஆயா போய் மறுபக்கம் பிடித்துத் தள்ளினாள்.

ஏழாவது அடுக்கு வெளியே வந்தபோது மேனேஜர் வந்து நின்றார். நடைவழி நெடுகத் தாள். அறைக்குள்ளே பாய் நெடுகப் பிள்ளைகள். அவர் முகம் சிவந்தது. "தலைகீழா இருக்கே எல்லாம். தாளை உள்ள வைங்க. பிள்ளைங்களை மேல கொண்டு போங்க. இப்பவே."

ஸ்டோர்காரர் கைவண்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். ஆயா நிலைப்படியில் ஏறி நின்றாள். நெஞ்சு விசிலடித்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த மூச்சும் இல்லை.

"கொண்டு போறேன் சார். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை மேல போய், பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு வாங்க. வந்து மறுபடியும் இதையே சொன்னீங்கன்னா, நானே ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போறேன். சத்தியமா."

மேனேஜர் அவளைப் பார்த்தார். நடைவழியில் பைண்டிங் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றுவிட்டிருந்தார்கள். அவர் விடுவிடுவென்று படியேறிப் போனார்.

ஆயா எண்ணவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. நிலைப்படியை விட்டு இறங்கவும் இல்லை. போனவர் பத்து நிமிடம் இருக்கவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. படியில் இறங்கி வரும் இருமல் சத்தம் முதலில் வந்தது. பிறகு அவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் சிவந்து நீர் வழிந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இருமினார். பட்டாணியின் அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

ஆயா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்க வேண்டியிருந்தால் எந்தப் பிள்ளையை முதலில் தூக்குவது என்றுகூட அவள் யோசித்திருக்கவில்லை.

மேனேஜர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அவள் தோளுக்கு மேலாக, உள்ளே தூங்கும் பிள்ளைகளை எட்டிப் பார்த்தார்.

"கதவைச் சாத்தும்மா" என்றார். "புகை உள்ள போகுது."